அடுத்த வளவில் இருப்பவன் யார்?



லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் ஒரு சட்ட அறிஞர் வருகிறார். நித்திய வாழ்வு பெற என்ன செய்ய வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்கிறார். விடை அவருக்கே தெரியும். இறையன்பும் பிறரன்புமே வழி என்று, படித்த பாடத்தை ஒப்புவிப்பது போலச் சொல்லிவிடுகிறார். அத்தோடு நின்றிருக்கலாம், ஆனால் நிற்கவில்லை. அயலான் என்றால் யார் என்று அடுத்த கேள்வியைப் போடுகிறார்.

அந்தக் கேள்வியின் உள்நோக்கத்தைச் சற்றுக் கவனியுங்கள். காணி உறுதி எழுதும்போது வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நான்கு எல்லைகளையும் கேட்டுக் குறிப்பார்கள். அதைப் போலவே இவரும் அன்புக்கு எல்லை கேட்கிறார். எந்த வேலி வரைக்கும் நேசிக்க நான் கடமைப்பட்டவன்? எந்த வேலியோடு என் கடமை முடிகிறது?

ஆண்டவர் எல்லைக்கல் எதையும் நட்டுக் காட்டவில்லை. ஒரு கதை சொன்னார். எரிகோவுக்கு இறங்கிப் போகும் பாதையில் கள்வர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனைக் குரு ஒருவர் கண்டார். லேவியர் ஒருவரும் கண்டார். இருவரும் விலகிப் போனார்கள். சமாரியன் ஒருவன் கண்டு மனம் இரங்கினான். காயங்களைக் கட்டினான். தன் மிருகத்தின் மேல் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்தான். கதை முடிந்ததும், இந்த மூவரில் அயலானாக நடந்துகொண்டவன் யார் என்று ஆண்டவர் கேட்டார். சட்ட அறிஞருக்கு விடை தெரியும். ஆனால் 'சமாரியன்' என்ற பெயர் அவர் வாயில் வரவில்லை. இரக்கம் காட்டியவன் என்று சுற்றிவளைத்துச் சொன்னார். அந்தப் பெயரைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

ஏன் எழவில்லை? யூதருக்கும் சமாரியருக்கும் இடையே இருந்தது சின்ன மனஸ்தாபம் அல்ல. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யூத ஆட்சியாளர் யோவான் ஹிர்க்கானுஸ், கெரிசீம் மலையில் இருந்த சமாரியரின் ஆலயத்தை அழித்தார். ஆண்டவர் சிறுவராயிருந்த காலத்தில், சமாரியர் சிலர் பாஸ்கா வேளையில் எருசலேம் ஆலயத்துக்குள் புகுந்து மனித எலும்புகளை எறிந்து தீட்டுப்படுத்தினார்கள் என்று வரலாற்றாசிரியர் யோசேப்புஸ் எழுதிவைத்திருக்கிறார். ஒருவர் வழிபாட்டிடத்தில் மற்றவர் கைவைத்த பகை அது. அந்தக் காயங்கள் ஆறியிராத மக்களுக்குத்தான் ஆண்டவர் இந்தக் கதையைச் சொன்னார். ஆகையால் கல்முனைக் கரையோரத்தில் வாழும் நாம் இதனை நமக்கே சொன்ன கதையாகக் கேட்கலாம்.

ஒரே வாய்க்கால் தண்ணீர்

நமது கரையை எண்ணிப் பாருங்கள். வடக்கே பெரியநீலாவணையில் தொடங்கித் தெற்கே வந்தால் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று மாறி மாறி வருகின்றன. எங்கே ஓர் ஊர் முடிகிறது, எங்கே மற்றது தொடங்குகிறது என்று புதிதாக வருகிறவருக்குத் தெரியாது. இவர்களுக்கு நடுவே கத்தோலிக்கர் நாம் சிறு தொகையினர். நம் ஆலய மணியும், பள்ளிவாசலின் பாங்கும், கோவில் மணியும் ஒரே காற்றில் கலந்து வருகின்றன.

நம்மைப் பிரிப்பவற்றைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். நம்மை இணைத்து வைத்திருப்பவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா? பேசும் மொழி ஒன்று. தாய்வழியாக வரும் குடி முறை இந்தப் பகுதியில் தமிழரிடமும் உண்டு, முஸ்லிம்களிடமும் உண்டு. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மருமகனை அந்த வீட்டுக்கு அழைத்துக்கொள்வது இரு சாராரின் வழக்கம். மருதமுனைத் தறியில் நெய்த சாரத்தைத்தான் நம் வீட்டு ஆண்களும் உடுத்துகிறார்கள். கல்லோயாத் திட்டத்தில் சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து இறங்கி வரும் தண்ணீர் ஒரே வாய்க்காலில் வந்துதான் இவன் வயலுக்கும் அவன் வயலுக்கும் பாய்கிறது. மேல் வயல்காரன் மடையை அடைத்தால் கீழ் வயல்காரனின் பயிர் வாடும். அந்தத் தண்ணீருக்கு மதம் தெரியாது.

காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளை எண்ணுங்கள். சைவக் குடும்பத்துப் பிள்ளை. கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், மட்டக்களப்பில் நமது புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்றார். பின்னர் துறவியாகத் தமிழுக்கு அவர் செய்த தொண்டை உலகம் அறியும். மற்ற மதத்தாரின் பாடசாலை வாசலை மிதித்ததால் அவருடைய சமயம் குறைந்துபோகவில்லை. அவருக்கு அறிவூட்டியதால் நமது விசுவாசமும் குறைந்துபோகவில்லை.

ஆறாத காயங்கள்

இவ்வளவும் உண்மையே. ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்துவது போதனை ஆகாது. அது முகத்துதி ஆகும். நமது கரையில் இரத்தமும் சிந்தியிருக்கிறது.

1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே மாதத்தில் அம்பாறை மாவட்டத்து வீரமுனையில், பிள்ளையார் கோவிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டார்கள். பள்ளிவாசலில் செத்தவனுக்கும் தாய் உண்டு. கோவிலில் செத்தவனுக்கும் தாய் உண்டு. அந்தத் தாய்மாரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்று அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கிறார்கள்.

பின்பு 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை; திருக்குடும்பத் திருநாள். சூசையப்பர் இரவோடிரவாகக் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடிய வரலாறே அன்றைய நற்செய்தி. அந்தக் காலையிலேயே நம் கரையில் தகப்பன்மார் பிள்ளைகளைத் தோளில் சுமந்து மேற்கு நோக்கி ஓடினார்கள். இலங்கையில் எல்லா மாவட்டங்களிலும் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பள்ளிவாசலும் கோவிலும் ஆலயமும் பாடசாலையும் எல்லாருக்கும் அடைக்கலமாயின.

அன்றைய நற்செய்தியில் நாம் கவனிக்காமல் விடுகிற ஒன்று உண்டு. எகிப்தில் திருக்குடும்பத்தை ஏற்றுக்கொண்டவர்கள் யார்? அந்த மண்ணில் பெரும்பாலானோர் யூதர் அல்லர். இஸ்ராயேலின் கடவுளை அறியாதவர்கள். நமது மீட்பர் குழந்தையாய் ஏரோதின் வாளுக்குத் தப்பி வாழ்ந்தது வேற்று மதத்தாரின் அயலில். சூசையப்பர் அங்கே தச்சு வேலை செய்திருந்தால் அவருக்குக் கூலி கொடுத்தவன் வேற்று மதத்தான். தேவதாய் தண்ணீர் மொள்ளப் போயிருந்தால் அருகில் குடத்தோடு நின்றவள் வேற்று மதத்தாள். திருக்குடும்பத்தின் படத்தை வீட்டில் மாட்டியிருக்கும் நாம் இதை மறக்கலாமா?

சாய்ந்தமருதில் நடந்தது

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சீயோனில் மாண்டவர்களுள் பலர் ஞாயிறு மறைக்கல்விக்கு வந்த சிறுவர். அவர்களைப் பெற்றவர்களின் துயரத்துக்கு ஆறுதல் சொல்ல நம்மிடம் சொற்கள் இல்லை.

ஐந்து நாள் கழிந்தது. ஏப்ரல் 26ஆம் திகதி வெள்ளிக்கிழமை. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தோர் நமது சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டில் தங்கியிருந்தார்கள். புதிதாக வந்தவர்களைப் பற்றி ஊரவர்கள் சந்தேகம் கொண்டார்கள், விசாரித்தார்கள், அதிகாரிகளுக்குச் செய்தி போயிற்று. படையினர் நெருங்கியபோது உள்ளே இருந்தவர்கள் குண்டுகளை வெடிக்கவைத்தார்கள். அங்கே 15 உடல்கள் மீட்கப்பட்டன. அவற்றுள் 6 குழந்தைகளுடையவை. தகப்பன் தெரிந்தெடுத்த பாதையைக் குழந்தைகள் தெரிந்தெடுக்கவில்லை. அவர்களுக்காகவும் நாம் செபிக்கக் கடமைப்பட்டவர்கள்.

அன்பர்களே, சந்தேகப்பட்டுச் சொன்னவர்கள் யார் என்று நினைத்துப் பார்த்தீர்களா? அவர்கள் முஸ்லிம்கள். தம்மைப் போலவே கலிமாச் சொல்லித் தொழுகிறோம் என்று சொன்னவர்களைக் குறித்தே செய்தி சொன்னார்கள். ஆயுதத்தோடு இருப்பவனைப் பற்றி வாய் திறப்பது உயிரைப் பணயம் வைப்பது. தன் சமூகத்தையே காட்டிக்கொடுத்தான் என்ற பழியும் வரலாம். அந்த வீட்டில் இருந்த வெடிமருந்து இன்னும் எந்த வாசலுக்குப் போக இருந்ததோ, நாம் அறியோம். அவர்கள் காப்பாற்றியவர்களுள் நம்மவரும் இருந்திருக்கலாம். அவர்களுடைய பெயர் நமக்குத் தெரியாது. நம்முடைய பெயர் அவர்களுக்குத் தெரியாது. ஆயினும் எரிகோப் பாதையில் கிடந்தவனுக்குச் சமாரியன் எவனோ, அவனைப் போலவே இவர்களும் நமக்கு அயலார் ஆனார்கள்.

நாம் என்ன செய்தோம்? அந்த மே மாதம் 13ஆம் திகதி வடமேல் மாகாணத்திலும் கம்பஹா மாவட்டத்திலும் பள்ளிவாசல்களும் கடைகளும் வீடுகளும் உடைக்கப்பட்டன. முஸ்லிம் ஒருவர் கொல்லப்பட்டார். முஸ்லிம் மக்கள் மீது கைவைக்காதீர்கள் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை மன்றாடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நமது கரையில் கத்தோலிக்கர் கல் எறியவில்லை என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் கல் எறியாமலும் காயப்படுத்த முடியும். இருபது வருடம் சாமான் வாங்கிய கடையைத் தாண்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனவர்கள் உண்டு. பஸ்ஸில் பர்தா அணிந்த பெண்ணுக்குப் பக்கத்து ஆசனம் வெறுமையாக இருந்தும் நின்றுகொண்டே வந்தவர்கள் உண்டு. சாப்பாட்டு மேசையில், பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கையில், "எல்லாரும் அப்படித்தான்" என்று சொன்னவர்கள் உண்டு.

"எல்லாரும் அப்படித்தான்" என்பது எட்டாம் கட்டளைக்கு விரோதமான சொல். தீமை செய்யாத ஆயிரம் பேர் மேல் பொய்ச்சாட்சி சொல்வது அது. பாவசங்கீர்த்தனத்தில் வழமையாகச் சொல்லும் பாவங்களோடு இதையும் சேர்த்துச் சொல்கிறோமா என்று நமது மனச்சாட்சியைக் கேட்போம்.

நீதிக்குப் பெயர் தெரியும்

சிலர் கேட்பார்கள்: "சுவாமி, எப்போதும் நாங்கள்தான் விட்டுக்கொடுக்க வேண்டுமா? காணி, வேலைவாய்ப்பு, பிரதேச செயலகம் என்று எங்களுக்கும் குறைகள் இருக்கின்றனவே. வாய் திறக்கக் கூடாதா?"

திறக்கலாம்; திறக்கவும் வேண்டும். 2019 ஜூனில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி உண்ணாவிரதம் இருந்தார்கள். அதை எதிர்த்தும் மக்கள் கூடினார்கள். நியாயம் என்று தெரிந்ததை அமைதியாகக் கேட்பது குடிமகனின் உரிமை. அன்பு நீதியைக் கைவிடச் சொல்லவில்லை. எனினும் நீதிக்கும் வெறுப்புக்கும் வேறுபாடு உண்டு. அதைத் தெளிவாக அறிந்திருப்பது நல்லது.

உயிர்த்த ஞாயிறு வழக்கில் 2023ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் கடமையைச் செய்யத் தவறியவர்கள் என்று, முன்னாள் ஜனாதிபதி உட்படப் பொறுப்பிலிருந்த அதிகாரிகளைப் பெயர் குறிப்பிட்டு நட்டஈடு செலுத்தக் கட்டளையிட்டது. நீதி என்பது இதுவே. இன்னார், இன்ன பதவியில் இருந்தார், இன்னதைச் செய்தார், இன்னதைச் செய்யத் தவறினார் என்று அது பெயரோடு சொல்லும். வெறுப்புக்கோ யாருடைய பெயரும் தெரியாது. 'அவர்கள்' என்ற ஒரு சொல்லில் கிழவனையும் குழந்தையையும் சேர்த்துக் கட்டிவிடும். நாம் கேட்பது நீதியா, அல்லது வெறுப்பைத்தான் நீதி என்று அழைத்துக்கொள்கிறோமா என்று அறிய விரும்பினால், நமது பேச்சில் பெயர்கள் இருக்கின்றனவா, 'அவர்கள்' மட்டும்தான் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இன்னும் சிலருக்கு வேறொரு பயம். நெருங்கிப் பழகினால் நமது விசுவாசம் நீர்த்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். திருச்சபை அப்படிப் போதிக்கவில்லை. 1965ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட பிற சமயங்கள் பற்றிய அறிக்கை, முஸ்லிம்கள் ஒரே இறைவனை வணங்குவதையும், மரியன்னையைக் கண்ணியப்படுத்துவதையும், செபம், தானம், நோன்பு ஆகியவற்றைப் பேணுவதையும் மதிப்போடு குறிப்பிட்டது. பழைய பகைகளை மறந்து ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முயலுமாறும் கேட்டது. 1219இல், சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அசிசி நகர் புனித பிரான்சிஸ் ஆயுதமின்றி எகிப்து சுல்தான் அல்-காமிலிடம் போனார். அதற்கு 800 ஆண்டுகள் கழித்து, 2019 பெப்ரவரி 4ஆம் திகதி, பாப்பரசர் பிரான்சிஸ் அபுதாபியில் அல்-அஸ்ஹர் பேரிமாம் அஹ்மத் அல்-தய்யிபோடு மனித சகோதரத்துவம் பற்றிய ஆவணத்தில் கைச்சாத்திட்டார். அந்தக் கையெழுத்துக்குப் பின் மூன்று மாதம் ஆவதற்குள் நமது ஆலயங்களில் குண்டு வெடித்தது. அதைக் கண்டு பாப்பரசர் தாம் இட்ட கையெழுத்தை அழித்துவிடவில்லை.

மருதமுனையில் தறிக்கு முன்னே சற்று நின்று பாருங்கள். பாவு நூல் நெடுக ஓடுகிறது. ஊடை நூல் குறுக்கே ஓடுகிறது. ஒன்று மற்றொன்றாக மாறுவதில்லை. நிறமும் போவதில்லை. இரண்டும் தத்தம் வழியில் இறுக்கமாக இருந்தால்தான் துணி உறுதியாக வரும். விசுவாசத்தில் தளர்ந்த கிறிஸ்தவன் நல்ல அயலானாகவும் இருப்பதில்லை. திருப்பலியில் உட்கொண்ட ஆண்டவரை, ஆலய வாசலுக்கு வெளியே நிற்கிறவனிடம் சுமந்து செல்பவனே நல்ல அயலான்.

வீட்டில் தொடங்குவோம்

ஆகவே நாம் செய்யக்கூடிய சில காரியங்களைப் பார்ப்போம். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. கூட்டம் கூட்ட வேண்டியதில்லை.

முதலாவது, பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். மீன் கொண்டுவருகிறவரை "காக்கா" என்று கூப்பிடுகிறோம். அது உறவுச் சொல். அண்ணனைக் கூப்பிடும் சொல். வாயில் இருக்கும் அந்த உறவு நெஞ்சிலும் இருக்கட்டும். அவருடைய பெயர் என்ன, எத்தனை பிள்ளைகள், யார் வெளிநாட்டில் வேலை செய்கிறார்கள் என்று கேட்டு அறிவோம். பெயர் தெரிந்தவனை 'அவர்கள்' என்ற மூட்டைக்குள் போட்டுக் கட்டுவது எளிதல்ல.

இரண்டாவது, சாவு வீட்டுக்குப் போவோம். பெருநாளுக்கு வட்டிலப்பம் வருவதும், நத்தாருக்குக் கேக் போவதும் நல்லவையே. ஆனால் துக்கத்தில் கால் வைத்த வாசலை மனிதன் ஆயுள் முழுதும் மறப்பதில்லை. ஜனாஸா வீட்டில் பேசத் தெரியாவிட்டாலும் சும்மா போய் இருந்துவிட்டு வரலாம்.

மூன்றாவது, வதந்தியை நமது வாசலில் நிறுத்துவோம். முன்பு சந்தையில் ஒருவர் காதுக்குள் சொன்னது ஊர் முழுதும் பரவ ஒரு நாள் எடுத்தது. இன்று வாட்சப்பில் ஒரு விரல் அசைவு போதும். உண்மை என்று உறுதியாகத் தெரியாததை அனுப்பாமல் விடுவதும் ஓர் ஒறுத்தல். தவக்காலத்தில் இறைச்சியை விடுவதைக் காட்டிலும் சிலருக்கு இது கடினமாக இருக்கும்.

நான்காவது, இரத்தம் கொடுப்போம். கல்முனையில் ஆதார வைத்தியசாலையும் உண்டு, அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் உண்டு. ஒன்று இவர்களுக்கு, மற்றது அவர்களுக்கு என்று ஊர் பேசிக்கொள்கிறது. தானமாகக் கொடுத்த இரத்தம் யார் உடலில் ஏறும் என்று கொடுத்தவருக்குத் தெரியாது. எல்லாருக்குமாக இரத்தம் சிந்திய ஆண்டவரின் சீடருக்கு இது மிகப் பொருத்தமான காணிக்கை.

ஐந்தாவதே மிகக் கடினமானது. சாய்ந்தமருது மக்களின் நேர்மையைப் புகழ்வது எளிது. அதைப் பின்பற்றுவது எளிதல்ல. நம்மவன் ஒருவன் தப்புச் செய்தால், நம்மவன் என்பதற்காக நாம் மூடி மறைக்கிறோமா? அவனைத் திருத்துகிறோமா? நமது வாலிபன் முஸ்லிம் வியாபாரியைக் கேலி செய்தால் கண்டிக்கிறோமா, கூடச் சேர்ந்து சிரிக்கிறோமா? தன் வீட்டு ஆள் மேல் உண்மை பேசத் துணிந்தவனே அடுத்த வீட்டு ஆளிடம் நியாயம் கேட்கத் தகுதி பெற்றவன்.

இன்னும் ஒன்றைச் சொல்லி நிறைவு செய்வோம். அந்தச் சமாரியன் காயம் கட்டியதோடு தன் கடமை முடிந்தது என்று போய்விடவில்லை. மறுநாள் சத்திரக்காரன் கையில் இரண்டு தெனாரியம் கொடுத்தான். மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான். அவன் திரும்பி வர நினைத்திருந்தான். கடல் கொண்டபோது நாம் எல்லாரும் ஒன்றாயிருந்தோம். வீடுகள் மறுபடி எழுந்தபோது வேலிகளும் எழுந்துவிட்டன. ஆபத்து நாளில் வருகிற அன்பு பெரிது; ஆபத்து நீங்கிய பிறகும் திரும்பி வருகிற அன்பே சமாரியனுடைய அன்பு.

சொறிக்கல்முனைத் திருச்சிலுவைத் திருத்தலத்துக்கு யாத்திரை போகிறவர்கள் சிலுவையை ஒரு முறை நன்றாக உற்றுப் பார்க்கட்டும். அதன் ஒரு மரம் மேல்நோக்கி நிற்கிறது; மற்ற மரம் இரு பக்கமும் நீண்டிருக்கிறது. மேல்நோக்கிய மரம் மட்டும் இருந்தால் அது வெறும் தூண், சிலுவை ஆகாது. இறைவனை நோக்கிய நமது செபமும் அயலானை நோக்கி நீளும் கை இல்லாவிடில் அப்படித்தான்.

இன்றிரவு குடும்பச் செபமாலையில் ஒரு பத்து மணியை அடுத்த வளவில் இருப்பவருக்காக ஒப்புக்கொடுப்போம். "அயலவர்களுக்காக" என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். அவருடைய பெயரைச் சொல்லி ஒப்புக்கொடுப்போம். பெயர் தெரியாவிட்டால், நாளைக் காலை வேலியருகே போய்க் கேட்டு வருவோம்.